என் எலும்புக்குள் நீல வளையங்கள்

எனக்கு வந்த நோயின் பெயரைத் தடுமாறாமல் சொல்லவே ஒரு மாதம் ஆனது. மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம். என் வீட்டுக்காரருக்கு அது இன்னும் வாயில் நுழையவில்லை. ‘அந்த எலும்பு நோய்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். கைப்பேசியில் தமிழில் தேடினேன். வந்ததெல்லாம் பயமுறுத்தும் காணொளிகள். அவற்றில் பேசியவர்கள் யாரும் மருத்துவமனைக் கட்டிலில் படுத்து எழுந்தவர்களாகத் தெரியவில்லை. நான் படுத்தவள். எனக்குப் பின்னால் தேடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் என் நங்கையாவுக்காகவும்தான்.

என் பெயர் செல்வி. வயது ஐம்பத்து நான்கு. சேந்தமங்கலம் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். முப்பது வருடமாக எனக்குக் காலை விடிவது ஒரே கேள்வியோடுதான்: இன்றைக்கு எத்தனை செத்தது? எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலும் ஒரு கோழியை அறுத்து ஈரலையும் குடலையும் பார்த்துவிடுவோம். எதனால் செத்தது என்று தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகமாட்டோம். அதனால் சாவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் எனக்கு இருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், கோழி ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். வெயில் என்று நினைத்தேன். பிறகு வயது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் தங்கவேல் அதிகம் பேசாதவர். அவர் ஒரு நாள் காபி டம்ளரை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “உன்ற ஒதடு கொண்டை வெளுத்த கோழியாட்டம் இருக்குது புள்ள.” ரத்தம் குறைந்த கோழிக்கு முதலில் கொண்டைதான் வெளுக்கும். அத்தனை ஆயிரம் கொண்டைகளைப் பார்த்தவள் என் உதட்டைக் கண்ணாடியில் பார்க்காமல் விட்டிருந்தேன்.

உள்ளூர் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் ஏழரை. பெண்களுக்கு இது சகஜம் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஏறவில்லை என்றதும் டானிக் கொடுத்தார். அதற்கும் ஏறவில்லை என்றதும் பாட்டிலில் கலந்து இரும்பு ஊசி ஏற்றினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் வெளுத்துப்போன பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதுதான் வியாதி, அதுதான் மருந்து. நான் மிச்சப் பத்தில் ஒருத்தி என்று அவர் நெற்றியில் யாரும் எழுதி ஒட்டவில்லை.

இனி நங்கையாவைச் சொல்ல வேண்டும். கணவருடைய அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். பெயர் பாவாயி. என் கணவருக்கு இரண்டு வயது மூத்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து, எங்கள் விவசாயக் காட்டுக்கு அடுத்த காட்டில் தனியாக வீடு கட்டிக்கொண்டு மாடு வைத்துப் பிழைப்பவர். நாங்கள் இருவரும் அப்போது பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது.

காரணம் என் மகள் கவிதாவின் கல்யாணம். முகூர்த்தத் தட்டை எடுத்துக் கொடுக்க நங்கையா ஆசையாக முன்னால் வந்தார். கூட்டத்தில் ஒரு கிழவி, தாலி இழந்தவள் தொடலாமா என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மணமகளின் அம்மா. ஒரு வார்த்தை போதும். நான் வாயைத் திறக்கவில்லை. நங்கையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து போய்விட்டார். பந்தியில் சாப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வாசலை அவர் மிதிக்கவில்லை. போய்க் கூப்பிட எனக்கும் முகமில்லை.

எனக்கு ரத்தம் இல்லை என்ற செய்தி காட்டைத் தாண்டி அவர் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஒரு மூடி போட்ட கிண்ணத்தோடு வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. படியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, அங்கே படுத்திருந்த எங்கள் நாயைப் பார்த்துப் பேசினார். “ஏய் மணி, சூடு ஆறறதுக்குள்ள அவளத் தின்னச் சொல்லு.” சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மணி வாலை ஆட்டியது. கிண்ணத்தில் சுவரொட்டி இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊற அதைவிட வேறு மருந்தில்லை என்பது எங்கள் நம்பிக்கை. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். கறிக்கடையில் அதற்குப் பிள்ளை பெற்றவள், ஆபரேஷன் ஆனவள் என்று ஆள் போட்டி. நங்கையா கடை திறக்கும் முன்பே போய் நின்று வாங்கினார். ஞாயிறு ஒன்று, புதன் ஒன்று. தணலில் சுட்டு, மேல்தோலை உரித்து, மிளகும் உப்பும் தூவி எடுத்து வந்தார். மூன்றாவது வாரம் நாயை விட்டுவிட்டு என்னிடமே பேசினார். ஐந்தாவது வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் மென்று முடிக்கும் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதன் ருசி பிடிக்காது. ஆனாலும் ஒரு துண்டு மிச்சம் வைத்ததில்லை.

புரட்டாசி வந்தது. எங்கள் பக்கம் புரட்டாசியில் முட்டை விற்கிற நாங்களே முட்டையைத் தொடமாட்டோம். நங்கையா சனிக்கிழமை விரதம் தவறாதவர். அந்த மாதத்திலும் கறிக்கடைக்குப் போனார். வீட்டுக்குள் அடுப்பேற்றாமல் வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டிச் சுட்டார். பெருமாளுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ தின்னு என்றார். கல்யாணத்தன்று நான் செய்ததற்கு அவர் இப்படிப் பழிவாங்குகிறார் என்று கிண்டலாக நினைத்துக்கொண்டேன். கிண்டல் செய்யாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

இத்தனைக்கும் பிறகு, சித்திரையில் ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கிவிட்டது. உள்ளூர் மருத்துவர் கைவிரித்துச் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

கவிதா சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை. மருத்துவமனை அவள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம் என்பதால் அங்கேயே தங்கினேன். முதல் நாளே படுக்க வைத்து இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பையில் பெயர் எதுவும் இல்லை. ஓர் எண்ணும் வகையும் மட்டும்தான். என் வீட்டுக்காரர் அந்தப் பையின் பக்கத்தில் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அதைக் கும்பிட்டுவிட்டு வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில் கழிவறை வரை நிற்காமல் நடந்தேன். யாரோ ஒருவருடைய ரத்தத்தில் நடக்கிறோம் என்று நினைத்தபோது கால் கொஞ்சம் கூசியது.

காத்திருக்கும் கூடத்தில் குமாரபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவள் கணவருக்கு ரத்தப் புற்றுநோய். விசைத்தறி வைத்திருந்தார்களாம். ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை என்று நான் கையைத் தடவிக்கொண்டிருந்தபோது, முக்கால் மணி நேரம் முன்னால் இரண்டு சொம்பு தண்ணீர் குடிச்சுட்டு வாங்க, நரம்பு எழும்பும் என்று சொல்லிக் கொடுத்தாள். இது எந்த மருத்துவரும் சொல்லாத பாடம். அதை இங்கே எழுதிவைப்பது என் கடமை.

மூன்றாம் நாள் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ரத்தம் உற்பத்தியாகும் இடம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. இடுப்பின் பின்பக்க எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பிறகு தடித்த ஊசியை இறக்கி, உள்ளிருந்து சிறிது உறிஞ்சி எடுப்பார்கள். குத்துவது வலிக்காது. உறிஞ்சும்போதுதான் உயிரின் நுனியைப் பிடித்து இழுத்தது போல இருக்கும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பயப்படுகிறவர்கள் எண்ணிக்கொண்டே படுத்திருங்கள்.

நான்கு நாள் கழித்து மருத்துவர் கூப்பிட்டார். என் மகள் வயதுதான் இருக்கும். மெதுவாகப் பேசுகிற பெண். கணினியில் ஒரு படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பில் உருண்டையாகச் செல்கள். சில செல்களின் நடுப்புள்ளியைச் சுற்றி நீல மணிகளாக ஒரு வளையம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நீலம் எல்லாம் இரும்பு என்றார். சாயம் போட்டால் இரும்பு நீலமாகத் தெரியுமாம். என் ரத்தச் செல்லுக்கு இரும்பைப் பயன்படுத்தத் தெரியவில்லை. வந்ததையெல்லாம் உள்ளே அடுக்கி வைத்துக்கொண்டு, முதிர்வதற்கு முன்பே எலும்புக்குள்ளேயே செத்துப்போகிறது. எனக்குக் குறை இரும்பு இல்லை. இரும்பு ஏற்கெனவே கூடிப்போய், ஈரலில் தங்க ஆரம்பித்திருந்தது.

இதுவரை என்னென்ன எடுத்தீர்கள் என்று கேட்டார். மாத்திரை, டானிக், ஊசி, முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல், வாரம் இரண்டு சுவரொட்டி என்று ஒப்பித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள் என்றார். சாப்பாட்டில் சேர்ந்தது கொஞ்சம்தான், ஊசியில் போனதுதான் அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவிதா அந்தக் கடைசி வரியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். இந்த நோயில் இரண்டு வழி உண்டு. ஒன்று மெதுவானது. பல வருடம் அதோடு வாழலாம். இன்னொன்று ரத்தப் புற்றுநோயாகத் திரும்பும். என்னுடையது எது என்று மரபணுப் பரிசோதனை வந்தால்தான் உறுதியாகும். மூன்று வாரம் ஆகும்.

கீழே வந்து வண்டிக்காக நின்றபோது என் வீட்டுக்காரர் ஒன்று மட்டும் சொன்னார். இந்தச் சுவரொட்டி சமாசாரம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கெட்ட முடிவு வந்தால் என்னோடு போய்விடும். ஆனால் நங்கையா மிச்ச ஆயுள் முழுக்கத் தன் கையைப் பார்த்துப் பார்த்தே சாவார். அந்த மூன்று வாரமும் என் பயம் இதுதான். சாவுக்குப் பயப்படவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே பயமாகச் சேர்ந்துவிட்டிருந்தது.

வைத்திருந்த ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதன்கிழமை நங்கையா பஸ் ஏறி அஸ்தம்பட்டிக்கே வந்துவிட்டார், சுவரொட்டி வைத்த தூக்குப்போசியோடு. மருத்துவர் கறி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அப்படியா, அதுவும் நல்லதுதான் என்று சமையலறைக்குப் போனார். முருங்கைக்கீரை பொரியல், கேழ்வரகுக் களி, கருப்பட்டி. அதையும் இரும்புச் சட்டியில் வதக்கினால்தான் சத்து இறங்கும் என்று சட்டியையும் ஊரிலிருந்து தூக்கி வந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவிதாவுக்கு வரவில்லை. அவள் நான்கு நாளாகத் தூங்காதவள். அடுப்படியில் நின்று வெடித்துவிட்டாள். “நீங்க ஊட்டி ஊட்டித்தான் அத்தை அம்மாவுக்கு ஈரல் கெட்டுப்போச்சு. போதும் உடுங்க.”

நங்கையா அடுப்பை அணைத்தார். சட்டியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். என்னிடம், வாரேன் செல்வி என்றார். அவ்வளவுதான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அப்புறம் கவிதா என் மடியில் விழுந்து அழுதாள். அவளைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. ஊரிலிருந்து போன் செய்த வீட்டுக்காரர், அக்கா மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை, கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறது என்றார்.

அந்த வார நடுவில் மருத்துவரிடம் போனபோது கூட்டம் குறைவு. எனக்கு இது ஏன் வந்தது என்று கேட்டேன். என்ன சாப்பிட்டதால் வந்தது என்றுதான் உண்மையில் கேட்க நினைத்தேன். பரிசோதனைக்கூட உறை ஒன்றைத் திருப்பிப்போட்டு, அதில் கோடு கிழித்து விளக்கினார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. வேலைக்காக அந்தப் புத்தகத்தை வெளியே எடுப்பதில்லை. தேவையான பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பும். எந்தப் பக்கத்தை எப்போது நகலெடுப்பது, எத்தனை நகல் என்பதை வைத்தே ஒரு செல் என்ன செய்யும் என்பதில் பாதி முடிவாகிவிடும். எடுத்த நகலில் நடுநடுவே வேண்டாத வரிகள் இருக்கும். அவற்றை வெட்டி நீக்கி, மிச்சத்தை ஒட்ட வேண்டும். ஒரே நகலை இரண்டு விதமாக வெட்டி ஒட்டவும் முடியும். ஒரு விதமாக ஒட்டினால் செல்லைக் காப்பாற்றும் புரதம் வரும். கொஞ்சம் முன்னே பின்னே வெட்டினால் அதே செல்லைச் சாகச் சொல்லும் புரதம் வரும்.

செல் எதற்குச் சாக வேண்டும் என்று கேட்டேன். சாகத்தான் வேண்டும், சாகாமல் அடம்பிடித்தால் அதுவே புற்றுநோய் என்றார். பிறகு, நீங்கள் கோழிப்பண்ணைதானே, கோழிக்காலுக்கும் வாத்துக்காலுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னையே கேட்டார். வாத்துக்கு விரலுக்கு நடுவில் ஜவ்வு இருக்கும் என்றேன். முட்டைக்குள் வளரும்போது கோழிக்கும் அந்த ஜவ்வு இருக்கிறதாம். குஞ்சு வெளியே வருவதற்குள் அந்த இடத்துச் செல்கள் உத்தரவு வந்து தாமாகச் செத்து விலகிவிடும். அதனால்தான் விரல்கள் பிரிகின்றன. நம் விரல்களும் அம்மா வயிற்றில் அப்படிப் பிரிந்தவைதான். முப்பது வருடம் கோழிக்காலைப் பார்த்தவள், அந்த இடைவெளியில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் கையையே கொஞ்ச நேரம் விரித்துப் பார்த்தேன்.

எனக்கு நடந்தது என்னவென்றால், அந்த வெட்டுகிற கருவியே கோணிப்போனது. என்றோ ஒரு நாள், மஜ்ஜையில் இருந்த ஒரே ஒரு தாய்ச்செல் தன் புத்தகத்தைப் படியெடுத்தபோது, வெட்டும் கருவியைப் பற்றிய பக்கத்தில் ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது. அதிலிருந்து பிறந்த செல்களெல்லாம் நகல்களைத் தப்பான இடத்தில் வெட்டுகின்றன. வெட்டுத் தப்பினால் சில புரதங்கள் பற்றாமல் போகும். இரும்பு சேர வேண்டிய இடத்துக்குப் போகாமல் தேங்கும். சாக வேண்டிய காலம் வருவதற்கு முன்பே செல்லுக்குச் சாவு உத்தரவு போய்விடும். மருத்துவரின் சந்தேகம் இதுதான். இது மட்டும்தான் என்றால் நல்லது, வேறு பக்கங்களிலும் பிழை இருந்தால்தான் கவலை என்றார்.

அந்த உறையைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

முடிவு வரும் நாளுக்கு முதல் நாள் காலையில் ஊருக்குப் போனேன். வண்டியை எங்கள் வீட்டுக்கு விடவில்லை. நேராக நங்கையாவின் காட்டுக்கு விடச் சொன்னேன். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். நாளைக்கு முடிவு வருகிறது என்று சொல்லி, உறையைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். எனக்குப் பாதிதான் வந்தது, வெட்டுவதும் ஒட்டுவதும் குழம்பிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டே சாணி வாரினார். கடைசியில் உறையை மடித்துவிட்டு, அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்தார். “நாளைக்கு எத்தன மணிக்குப் போகோணும்?” என்றார்.

மறுநாள் நாங்கள் நான்கு பேரும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தோம். மருத்துவர் தாளைப் பிரிப்பதற்குள் நங்கையா எழுந்து நின்றுவிட்டார். “அம்மணி, அதப் படிக்கறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க. இவளுக்கு இது என்ற கையால வந்ததுங்களா?”

மருத்துவர் தாளை மூடி வைத்தார். இல்லை என்றார். இந்தப் பிழை நீங்கள் முதல் சுவரொட்டி சுடுவதற்குப் பல வருடம் முன்பே, யாருடைய கையும் படாமல் நடந்தது. யாருக்கும் நடக்கலாம். நீங்கள் கொடுத்ததில் கூடியது கொஞ்சம், அதை மருந்தால் எடுத்துவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு தாளைப் பிரித்தார். ஒரே ஒரு மரபணுவில்தான் பிழை. அதன் பெயர் எஸ்.எஃப்.3.பி.1. வண்டி நம்பர் மாதிரி இருந்தது. வேறு எதிலும் இல்லை. மெதுவான வகை. என் வீட்டுக்காரர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கவிதா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இது முழுக்கக் குணமாகும் நோய் இல்லை, கட்டுக்குள் வைக்கும் நோய் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் ஓர் ஊசி. செத்துப்போகிற இளம் செல்களை முதிரவிடும் ஊசி. கூடிய இரும்பை வெளியேற்றத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை. ஊசி வேலை செய்யும் வரை மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு வீட்டு ஆட்கள் யாராவது ரத்த வங்கிக்குக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

நங்கையா உடனே, நான் கொடுக்கிறேன் என்றார். அறுபது ஆக இன்னும் சில மாதம் இருக்கிறது, ஆதார் அட்டையைப் பாருங்கள் என்று இடுப்பிலிருந்து எடுத்தே காட்டினார். ரத்த வங்கிக்குப் போனோம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணீர் இருந்த கண்ணாடிக் குடுவையில் விட்டார்கள். ரத்தம் போதுமானதாக இருந்தால் சொட்டு கீழே இறங்க வேண்டும். நங்கையாவின் சொட்டு மேலேயே மிதந்தது. இன்னொரு முறை விட்டார்கள். அதுவும் மிதந்தது. மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். எட்டு. உங்களுக்கே ரத்தம் பத்தாதுங்க, நீங்கள்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றாள் நர்ஸ். மருத்துவர் அங்கேயே ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் முடிவு வந்தது. நிஜமான இரும்புக் குறை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாரம் இரண்டு சுவரொட்டி வாங்கினீர்களே, ஒரு விள்ளலாவது வாயில் போட்டீர்களா என்று நடைபாதையில் நின்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார். விடாமல் கேட்டேன். கடைசியில் சொன்னார். “நீ கொணமாகி எந்திரிக்கற வரைக்கும் கறி, முட்டை, மீனு எதையும் தொடறதில்லைன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். பாலும் தயிரும் உட்டுட்டேன். வேண்டுதல்ல பாதி பாதி கெடையாது.”

அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்கு உறைத்தது. நான் குணமாகும் வரை. ஆனால் இந்த நோய் குணமாகாது என்று மருத்துவர் அன்றைக்குத்தான் எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். நங்கையாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டும் வேண்டுதலை விடுவதாக இல்லை. இன்னும் பத்து வருடம் நான் ஊசி போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தால், பத்து வருடமும் இவர் களியும் ரசமும் சாப்பிட்டுக்கொண்டு வெளுத்துக்கொண்டே போவார். மாத்திரை வாங்கிக் கொடுத்தால் மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகிவிடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

அம்மன் கோயில் எங்கள் ஊர்க்கோடியில் சின்னக் கரட்டின் மேல் இருக்கிறது. படிகள் முப்பதுக்குக் குறையாது. மூன்றாவது ஊசி முடிந்து ஹீமோகுளோபின் ஒன்பதைத் தொட்ட வெள்ளிக்கிழமை, நங்கையாவை அழைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் கையைப் பிடிக்க வந்தார், வேண்டாம் என்றேன். அவர் கீழே வண்டியோடு நின்றார். ஒரு படியிலும் நிற்காமல் ஏறினேன். பாதியில் காதுக்குள் இரைச்சல் கேட்டது. நிற்கவில்லை. கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் போய் நின்று, நங்கையாவின் காதில் விழும்படி, பூசாரியும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன். “ஆத்தா, எனக்குச் செரியாப் போச்சு. கொணமாயிட்டேன். எங்க நங்கையா வேண்டுதல் பலிச்சுப்போச்சு.”

பொய்தான். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூச்சு இரைப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது. நெஞ்சு பறை அடித்தது. நங்கையா அம்மனைப் பார்க்கவில்லை, என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி திருநீறு நீட்டினார். அவர் அதை வாங்கி என் நெற்றியில் பூசினார். பூசின கை கன்னத்திலேயே நின்றது.

“மூச்ச உடு சாமி,” என்றார். “ஆத்தாளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஊட்டுக்குப் போயி ஆளுக்கொரு முட்டை அவிச்சுத் திங்கலாம், வா.”